மாமா சொன்ன பத்து மணி நேரம்

எண்பதுகளின் தொடக்கத்தில் புதுச்சேரியில் யாருக்காவது பாரீஸ் எவ்வளவு தூரம் என்று தெரியவேண்டி வந்தால், அவர் அட்லஸைப் புரட்ட மாட்டார். சாயங்காலம் கடற்கரைக்குப் போய் என் மாமனாரைப் பார்ப்பார்.

மாமனார் பெயர் அந்துவான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். எங்கள் ஊரில் இப்படிப்பட்டவர்களைச் ‘சொல்தா’ என்போம். மாதாமாதம் பென்ஷன், மாலையில் இஸ்திரி போட்ட சட்டை, கடலைப் பார்த்த சிமெண்ட் பெஞ்சு. தூரத்தைப் பற்றி யார் எதைக் கேட்டாலும் பதில் தயாராக இருக்கும்.

“எட்டாயிரம் கிலோமீட்டரு. பத்து மணி நேரம். ஏறி ஒக்காந்தா சாப்பாடு குடுப்பான். துன்னுட்டு ஒரு தூக்கம் போட்டு எழுந்தா பாரீஸு. நீ திருப்பதி போயி மொட்டை போட்டுகினு வர்றதுக்குள்ள நான் பாரீஸ் போயி ஷேவிங் பண்ணிக்குவேன்.”

கூட்டம் சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன். அவருடைய மூத்த மகள் செசிலைக் கட்டியவன் என்ற முறையில் கொஞ்சம் அதிகமாகவே சிரித்திருக்கிறேன்.

இளைய மகள் ஜோஸ்லின் பாரீஸை அடுத்த ஒரு புறநகரில், ஆஸ்பத்திரி வேலைக்குப் போய் ஒன்பது வருஷமாகியிருந்தது. அந்த ஒன்பது வருஷத்தில் மாமனார் ஒரு தடவைகூட அங்கே போகவில்லை. கேட்டால், “பத்து மணி நேரந்தான? எப்ப வேணா போலாம்” என்பார். அந்த ‘எப்ப வேணா’ எந்தக் கிழமையில் வரும் என்று கேட்கும் தைரியம் வீட்டில் ஒருவருக்கும் இல்லை.

எண்பத்து நாலாம் வருஷம் பொங்கல் முடிந்த கையோடு அது வந்தது. ஜோஸ்லினுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை காரைக்கால்காரர், அங்கே மெத்ரோ ரயிலில் வேலை. சனிக்கிழமை பதினோரு மணிக்கு மாதா கோவிலில் கல்யாணப் பூசை. இரண்டு பேர் வந்துபோகும் செலவுக்கு ஏற்பாடு செய்துவிட்டு, ‘பப்பா என்கூட நடந்து வந்தால்தான் நான் கோவிலுக்குள் போவேன்’ என்று எழுதியிருந்தாள்.

இரண்டு பேர் என்று அவள் எழுதியது அப்பாவையும் அம்மாவையும்தான். மாமனார் அதற்கு வேறு பொருள் சொன்னார்.

“பொம்பளைங்களுக்கு இந்தத் தூரம்லாம் தாங்காது. மாப்ள வரட்டும்” என்று என்னைக் காட்டினார்.

என் மாமியாராகிய அத்தை மிளகாய் வறுக்க அடுப்பைப் பற்ற வைத்தார். மகளுக்குப் பொடி அனுப்ப வேண்டுமே.

எனக்கு விடுப்பு கேட்கும் தொல்லை இல்லை. நான் வேலை பார்த்த மில்லில் அப்போது கதவடைப்பு. டைம் ஆபீஸ் குமாஸ்தா நான். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார்கள், யார் பத்து நிமிஷம் தாமதம் என்று குறிப்பதுதான் என் பிழைப்பு. அந்தப் பழக்கத்தில் வீட்டுப் படி இறங்கிய நேரத்தைச் சட்டைப்பை நோட்டில் எழுதிக்கொண்டேன். வியாழன், காலை ஐந்து.

மாமனார் அந்த நேரத்துக்கே கம்பளிக் கோட்டு, டை, கம்பளித் தொப்பி சகிதம் தயாராக நின்றார். பஸ் ஸ்டாண்டில் இருந்தவர்கள் அவரைப் பார்த்துவிட்டு, குளிராத தங்கள் உடம்பைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள்.

சென்னை பஸ் திண்டிவனம் தாண்டியதும் முக்கத் தொடங்கி, அச்சரப்பாக்கத்துக்கு அருகே நின்றேவிட்டது. கண்டக்டர் கீழே குனிந்து பார்த்துவிட்டு, “ஆக்சில் போச்சு” என்று, தூரத்துச் சொந்தம் ஒன்று போனதைச் சொல்வதுபோலச் சொன்னார். பின்னால் வந்த பஸ்களில் கால் வைக்க இடமில்லை. கடைசியில் பூசணிக்காய் ஏற்றிய லாரி ஒன்று நின்றது. டிரைவர் பக்கத்தில் ஏற்கெனவே மூன்று பேர். நாங்கள் மேலே ஏறினோம்.

டை கட்டிய சொல்தா ஒருவர் பூசணிக்காய் மேல் உட்கார்ந்து பாரீஸுக்குப் போவதை மதுராந்தகம் ஏரி அன்று பார்த்தது. லாரி குலுங்கும்போதெல்லாம் அவர் ஒரு காயிலிருந்து இன்னொரு காய்க்கு இடம் மாறினார்.

“மாமா, இந்த அஞ்சு மணி நேரம் அந்தப் பத்துல சேருமா?”

“பத்து மணிங்கிறது மெட்ராஸ்லேர்ந்து மாப்ள. தரையில ஆவறத கணக்குல எடுக்கக் கூடாது.”

மீனம்பாக்கத்தில் எங்களுக்கு ஒரு பயணத் துணை கிடைத்தான். பெயர் முருகேசன். கள்ளக்குறிச்சிப் பக்கம் ஊர், வளைகுடாவில் குழாய் வேலை, வயது முப்பதுக்குள். பம்பாய் வரைக்கும், அதைத் தாண்டி அவன் இறங்கும் ஊர் வரைக்கும் எங்களோடுதான். விமானத்தில் ஜன்னலோரம் எனக்கு, நடுவில் மாமனாருக்கு, நடைபாதை ஓரம் அவனுக்கு. மாமனார் அவனிடமும் ஆரம்பித்துவிட்டார். ‘சாப்பாடு குடுப்பான்’ வரைக்கும் வந்திருப்பார். அதற்குள் பெல்ட்டைப் போடச் சொல்லி அறிவிப்பு வந்தது.

மாமனார் பெல்ட்டின் இரண்டு முனைகளையும் எடுத்துப் பார்த்தார். கோவணம் கட்டுவதைப் போலச் சுற்றி முடிச்சுப் போட ஆரம்பித்தார்.

முருகேசன் சிரிக்கவில்லை. “குடுங்கய்யா” என்று வாங்கி, கொக்கியைச் சொடுக்கினான். “மொத தடவையா?”

நான் மாமனாரையே பார்த்தேன். அவர் எதிர் சீட்டின் முதுகைப் பார்த்தார். விமானம் ஓடத் தொடங்கியதும் இரண்டு பக்கக் கைப்பிடிகளையும் இறுகப் பற்றி, பற்களைக் கடித்துக்கொண்டு, ‘அருள்நிறைந்த மரியே’ மந்திரத்தைப் பிரெஞ்சில் சொல்ல ஆரம்பித்தார். சக்கரம் தரையை விட்டபோது அது தமிழுக்கு மாறியது.

எனக்கு விஷயம் புரிந்தது. பட்டாளத்தில் சேர்ந்தபோது போனதும் கப்பல், திரும்பியதும் கப்பல். இத்தனை வருஷமாகக் கடற்கரையில் ஊரையே பாரீஸுக்குப் பறக்கவிட்ட மனுஷர், தன் வாழ்நாளில் ஒரு ஏரோப்ளேன் படிக்கட்டில் கால் வைத்ததில்லை.

சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்த நிமிஷத்தில் எனக்கு உண்டான சந்தோஷத்துக்கு அளவில்லை. ஊருக்குத் திரும்பியதும் அந்தப் பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்று இதை எப்படிச் சொல்லலாம், பெல்ட்டை முதலில் சொல்வதா மந்திரத்தை முதலில் சொல்வதா என்று பம்பாய் வரைக்கும் யோசித்துக்கொண்டே போனேன்.

பம்பாயில் விடியும்வரை பிளாஸ்டிக் நாற்காலி. வெள்ளிக்கிழமை காலை விமானத்தில் ஏற்றி, கதவைச் சாத்தி, ஏதோ பழுது என்று நான்கு மணி நேரம் உள்ளேயே உட்கார வைத்தார்கள். அச்சரப்பாக்கத்தில் நின்ற பஸ் என்றால் இறங்கிப் போய் டீ குடித்திருக்கலாம், கண்டக்டரைத் திட்டியிருக்கலாம். இங்கே திட்டுவதற்குக் கிடைத்தவள், மன்னிப்புக் கேட்டபடி மிட்டாய்த் தட்டு நீட்டிய ஒரு பெண். மிட்டாயை வாயில் வைத்துக்கொண்டு யாரைத்தான் திட்ட முடியும்?

ஒருவழியாக மேலே போனதும் சாப்பாடு வந்தது. அந்த மட்டில் மாமனார் சொன்னது நிஜம். பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் சின்னதாக இன்னொரு பெட்டி. கடைசிப் பெட்டியில் இருந்த பாலாடைக்கட்டி, மழையில் நனைந்த காலுறையின் வாசனையோடு வந்தது.

“இதான் மாப்ள அசல் ஃப்ரொமாழ். இதுக்காவ அங்க உயிர விடுவான்” என்று சொல்லிவிட்டு, தன்னுடையதைக் காகிதத்தில் சுற்றி எதிர் சீட்டின் பைக்குள் வைத்தார். பிறகு நாங்கள் அத்தை கட்டிக் கொடுத்த புளிச்சோற்றைப் பிரித்தோம். முருகேசனுக்கும் ஒரு பங்கு. அவன் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டான்.

“உங்க ஊருக்கு எத்தனை மணி நேரம்ப்பா?” என்று நான் கேட்டேன்.

“எங்க மேனேஜருக்கு மூணு மணி நேரம் சார். வெள்ளிக்கெழம வீட்டுக்குப் போயிட்டு ஞாயித்துக்கெழம வந்துடுவாரு. எனக்கு ரெண்டு வருசம். நான் போவச்சொல்ல எம் பொண்ணு தவழ்ந்துகினு இருந்தா. இப்ப வரச்சொல்ல, யாரு இந்த ஆளுன்னு அவங்க அம்மாவ கேக்கறா.”

மாமனார் தன் பங்குப் புளிச்சோற்றில் பாதியை அவன் பக்கம் தள்ளினார். முருகேசன் இறங்கும்போது அவர் பெல்ட்டை ஒரு தடவை சரிபார்த்துவிட்டுப் போனான்.

பாரீஸுக்கு மேலே போய்ச் சேர்ந்தோம். மேலே மட்டும்தான். கீழே பனிமூட்டம். அரைமணி நேரம் வட்டமடித்துவிட்டு, தெற்கே லியோன் என்ற ஊரில் கொண்டுபோய் இறக்கினார்கள். சிதம்பரத்துக்குப் போகிறவனை மதுரையில் இறக்கிவிட்டு, காலையில் பஸ் வரும் என்று சொன்னால் எப்படியிருக்கும்? ஆனால் இங்கே யாரும் சத்தம் போடவில்லை. வரிசையில் நின்றார்கள்.

பாஸ்போர்ட் பார்க்கிற இடத்தில் மாமனார் எனக்கு அபயம் கொடுத்தார். “பயப்படாதீங்க மாப்ள. நான் சித்துவாயேன், பிரெஞ்சுக் குடிமகன். எம் மருமவன்னு ஒரு வார்த்த சொன்னா போதும்.”

என்னுடைய இந்தியப் பாஸ்போர்ட்டைப் பார்த்து, எதற்கு வந்தீர்கள், எத்தனை நாள் என்று கேட்டுவிட்டு ஐந்து நிமிஷத்தில் முத்திரை குத்தி அனுப்பினார்கள். பிரெஞ்சுக் குடிமகனை நிறுத்திவிட்டார்கள்.

கூண்டுக்குள் இருந்தவனுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். பள்ளிக்கூடத்தில் படித்த பிரெஞ்சை வைத்துக்கொண்டு நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

“எங்கே பிறந்தீர்கள்?”

“பொந்திஷேரி.”

“அது எங்கே இருக்கிறது? ஆப்பிரிக்காவிலா?”

மாமனார் முகத்தை நான் பார்த்தேன். அவர் கதைகளில் பாரீஸ் டாக்ஸிக்காரன்கூட ‘ஆ, பொந்திஷேரி!’ என்று கையைக் குலுக்குவான். இவன் பாஸ்போர்ட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். போட்டோவைப் பார்த்தான். தொலைபேசியை எடுத்து யாரிடமோ எழுத்துக்கூட்டி, ‘பே, ஓ, என்’ என்று ஆரம்பித்தான்.

மாமனார் தொப்பியைக் கழற்றினார். குதிகாலைச் சேர்த்து விறைப்பாக நின்று, தன் படைப்பிரிவையும் பட்டாள எண்ணையும் கணீரென்று சொன்னார். நான் அதுவரை கேட்டிராத பிரெஞ்சு அது. பிறகு, “நீங்கள் பிறப்பதற்கு முன்பே உங்கள் கொடிக்கு வணக்கம் சொன்னவன் நான். போன் பேசி முடியும்வரை இப்படியே நிற்கிறேன்” என்றார்.

முக்கால் மணி நேரம் அப்படியே நின்றார். பின்னால் இருந்தவர்கள் வேறு வரிசைக்குப் போனார்கள். அவன் கடைசியில் முத்திரை குத்தி, “மன்னியுங்கள், விதிமுறை” என்றான். மாமனார் தொப்பியைப் போட்டுக்கொண்டு நடந்தார். பெட்டியை நான் எடுத்துக்கொண்டேன். பெல்ட் கதையை எந்த இடத்தில் ஆரம்பிக்கலாம் என்ற யோசனை அன்று மேற்கொண்டு ஓடவில்லை.

சனிக்கிழமை காலை. பஸ் ஏழு மணிக்கு என்றார்கள். ஓட்டலில் கொஞ்சம் காபி, சவரக்கத்தி போல விறைத்த ரொட்டி. ஏழு எட்டாகி, எட்டு ஒன்பதானது. வழியெல்லாம் பனி என்பதால் டிரைவர் வரவில்லையாம். தாமதத்தைக் கண்டுபிடித்தவர்கள் நாங்கள்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

மாமனார் கோட்டுப் பையிலிருந்த ஒரு ரொட்டித் துண்டை எடுத்து, பிய்த்து, பிய்த்து, மேஜைமேல் குவித்தார்.

“மாப்ள, பெல்ட்டு விசயம் ஊர்ல சொல்லுவீங்களா?”

நான் ‘சேச்சே’ என்றேன். என் முகத்தைப் பார்த்தவருக்கு அது போதவில்லை.

“எனக்குப் பயம்,” என்றார். “அப்போ இந்தோஷீன்ல, அதான் வியட்நாம் பக்கம், இருந்தேன். ஒரு பிளேன் எறங்கச்சொல்ல ஓரமா சாஞ்சி, பத்திகிச்சி. உள்ள இருந்தவங்கள எடுத்தது எங்க செக்‌ஷன்தான். ரெண்டு நாளு முன்னாடி எங்கூட சீட்டு ஆடுனவனும் அதுல இருந்தான். கைய வச்சித் தூக்கினா, கை மட்டும் வருது. அதுக்கப்பறம் பிளேன் சத்தம் கேட்டாலே அந்தக் கைதான் கண்ணு முன்னால நிக்கும். ஜோஸ்லினு ஒவ்வொரு லெட்டர்லயும் வா பப்பா, வா பப்பான்னு எழுதுவா. பயம்னு எழுத முடியுமா? சொல்தா இல்லியா நான்? அதான், எப்ப வேணா போலாம், பத்து மணி நேரந்தானன்னு சொல்லிகினே இருந்தேன். சொல்லச் சொல்ல எனக்கே கொஞ்சம் கிட்ட வந்த மாரி இருந்திச்சி.”

என்னால் அந்த ரொட்டிக் குவியலைத் தவிர வேறு எங்கும் பார்க்க முடியவில்லை. “சாப்பிடுங்க மாமா” என்று மட்டும் சொன்னேன்.

பஸ் ஒன்பதரைக்குக் கிளம்பியது. நல்ல சாலை, ஆடாத அசங்காத பஸ். பூசணிக்காய் லாரி கொடுத்த உயிர் அதில் இல்லை. யாரும் யாரையும் ‘எந்த ஊரு’ என்று கேட்கவில்லை. பதினோரு மணிக்கு மாமனார் கடிகாரத்தைப் பார்த்தார். புதுச்சேரி நேரத்தை மாற்றாமல் வைத்திருந்தார், மூன்றரை காட்டியது. மனசுக்குள் நாலரையைக் கழித்துவிட்டு, “பூசை ஆரம்பிச்சிருக்கும்” என்றார். பதினொன்றரைக்கு, “பிரசங்கம்” என்றார். பன்னிரண்டுக்கு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நாலு மணிக்குக் கோவிலை ஒட்டிய ஒரு சின்ன மண்டபத்தின் வாசலில் நின்றோம். என் நோட்டில் கூட்டிப் பார்த்தேன். வீட்டை விட்டு அறுபத்து மூன்றரை மணி நேரம்.

உள்ளே புதுச்சேரியும் காரைக்காலுமாக ஐம்பது பேர். பிரியாணி வாசனையும் ஸ்வெட்டர் வாசனையும் கலந்து அடித்தது. வெள்ளைப் புடவைமேல் கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு ஜோஸ்லின் வந்தாள். மாப்பிள்ளையின் சித்தப்பாதான் அவளோடு கோவிலுக்குள் நடந்தாராம். அவள் ஒரு மணி நேரம் வாசலில் அப்பாவுக்காகக் காத்து நின்ற பிறகு.

அவள் அப்பாவை மேலும் கீழும் பார்த்தாள். கோட்டில் இன்னும் பூசணி மண் ஒட்டியிருந்தது.

“பத்து மணி நேரம்னு ஊருக்கே சொல்லுவியே பப்பா. ஒனக்கு மட்டும் ஒம்பது வருசம் ஆச்சா? எம்மேல கோவம்னுதான நெனச்சேன். ஒத்தையா வந்தவள, ஒன்னக் கேக்காம மாப்ள பாத்தவள, பாக்கப் பிடிக்கலன்னு நெனச்சேன்.”

பிரியாணி பரிமாறியவர் கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். அங்கிருந்த கிழவர்களில் பாதிப்பேர் அவரோடு பட்டாளத்தில் இருந்தவர்கள். பனி, பஸ், பம்பாய் என்று சொல்ல அவருக்கு ஆயிரம் இருந்தது. சாட்சிக்கு நானும் இருந்தேன்.

“கோவம் இல்ல மா,” என்றார். “பயம். ஏரோப்ளேன்ல ஏற பயம். வேற ஒண்ணும் இல்ல.”

ஒரு கிழவர் சிரித்தார். பக்கத்தில் இருந்தவர் அவர் முழங்காலைத் தட்டினார். ஜோஸ்லின் சிரிக்கவும் இல்லை, உடனே அழவும் இல்லை. ‘இதை ஒரு லெட்டர்ல எழுதியிருந்தா நானே ஊருக்கு வந்திருப்பேனே’ என்று சொல்ல ஆரம்பித்தாள். முடிக்கும் முன்பே அவர் கோட்டில் முகத்தை வைத்துக்கொண்டாள். பூசணி மண் வெள்ளைப் புடவைக்கு மாறியது.

அப்புறம் ஒரு வாரம் பாரீஸ். எய்ஃபில் கோபுரத்தைப் பார்த்தேன். மில் புகைபோக்கியைப் போல அதற்கும் வேலை இல்லை, ஆனால் அதைப் பார்க்க வரிசை நிற்கிறது. மெத்ரோ ரயிலில் ஆயிரம் பேர் ஒருவரையொருவர் பார்க்காமல் போவதற்குத் தனிப் பயிற்சி இருக்க வேண்டும். சந்தையில் கத்தரிக்காயை வெண்ணெய்த் தாளில் சுற்றித் தருகிறார்கள். சொத்தை என்று திருப்பிக் கொடுத்தால் முறைக்கிறார்கள். மாமனார் எங்கும் வரவில்லை. மகளின் இரண்டு அறை வீட்டில், அவள் வேலைக்குப் போனதும் பாத்திரம் கழுவினார், வந்ததும் பேசினார். ஒன்பது வருஷப் பேச்சு.

திரும்பும் நாள் காலையில் பெட்டி கட்டிவிட்டு அவரைத் தேடினேன். குளியலறையை உள்ளே தாழ் போட்டிருந்தார்.

“மாமா, நேரமாவுது.”

“நீங்க போங்க மாப்ள. நான் வரல.”

“எப்ப வருவீங்க?”

“கப்பல் இருக்கான்னு விசாரிக்கிறேன்.”

ஆள் ஏற்றும் கப்பலெல்லாம் நின்று வருஷக்கணக்காகிவிட்டது என்று கதவுக்கு வெளியே நின்று சொன்னேன். “அப்ப இங்கியே இருக்கேன்” என்று பதில் வந்தது. மாப்பிள்ளை கெஞ்சினார், ஜோஸ்லின் அதட்டினாள். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, கேட்காததுபோல இருந்தார். நான் தனியாகத் திரும்பினேன்.

புதுச்சேரியில் வீட்டு வாசலில் அத்தை நின்றார். எனக்குப் பின்னால் பார்த்தார். ஆட்டோவுக்குள்ளும் எட்டிப் பார்த்தார்.

“எங்க அவரு?”

நான் எல்லாவற்றையும் சொன்னேன். பெல்ட்டை, மந்திரத்தை, இந்தோஷீனை, குளியலறையை. யாரிடமும் சொல்வதில்லை என்று நினைத்ததெல்லாம் அவரிடம் வந்துவிட்டது. முழுவதையும் கேட்டுவிட்டு அத்தை, “பயம்னு எனக்குத் தெரியும்” என்றார். “தூக்கத்துல கத்துவாரு. கேட்டா, கனவுல புலி வந்திச்சின்னுவாரு. புலி பிரெஞ்சுலயா பேசும்?”

மறுநாள் பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்க என்னைக் கூட்டிக்கொண்டு போனார். கடலூரைத் தாண்டிப் போயிராத அத்தை, ஏப்ரல் மாதம் தனியாகப் பாரீஸுக்குக் கிளம்பினார். வழியில் கேட்டுக்கொள்ள நான் எழுதிக் கொடுத்த பிரெஞ்சு வாக்கியங்களைப் பார்த்து, இரண்டு எழுத்துப் பிழைகளைத் திருத்தித் திருப்பிக் கொடுத்தார். கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவர் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

மூன்று வாரம் கழித்து மீனம்பாக்கத்துக்கு அழைக்கப் போனேன். பெட்டி வண்டியைத் தள்ளிக்கொண்டு அத்தை முதலில் வந்தார். நாலடி பின்னால், கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு, பிழைத்து வந்த முகத்தோடு மாமனார். என்னைப் பார்த்ததும் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, டீ எங்கே கிடைக்கும் என்று விசாரிக்கப் போய்விட்டார்.

“எப்படி அத்த வந்தீங்க?”

“எனக்கு ஜன்னலாண்ட சீட்டு. கீழ மேகமா கெடந்திச்சி, அதையே பாத்துகினு வந்தேன். இவரு என்னா பண்ணாரு தெரியுமா? ஏறினதுலேர்ந்து எறங்கற வரைக்கும் எங்கையப் புடிச்சவரு விடவே இல்ல. சாப்பாட்டுக்கும் விடல, நாந்தான் ஊட்டினேன். கண்ணாலம் ஆயி இத்தன வருசத்துல, நாலு பேரு பாக்க இந்த மனுசன் எங்கையப் புடிச்சது இதான் மொத தடவ.”

வண்டியை என்னிடம் தள்ளிவிட்டு, சிவந்திருந்த வலது கை விரல்களை மடக்கி, நீட்டி, ஒவ்வொன்றாகச் சொடுக்கெடுத்தார்.

“இன்னும் கொஞ்சம் தூரமா இருந்திருக்கலாம்” என்றார்.